நெல்லுக்கு எத்தனை டன் எரு என்று கேட்பதற்கு முன் வெயிலையும் மண்ணையும் பாருங்கள்

நெல் போடப் போகிறவர்கள் எப்போதும் கேட்கிற கேள்வி, "ஏக்கருக்கு எத்தனை டிப்பர் எரு அடிக்கலாம்?" என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அது மூன்றாவதாக வர வேண்டியது. கதிர் எந்த மாதத்தில் பூக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் வயல் தண்ணீரை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கும் என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் என்ன எரு, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும், ஏனென்றால் எரு மக்கிச் சத்தை விடுகிற வேகம் வெப்பத்தின் கையில் இருக்கிறது, அந்தச் சத்து வேரடியில் நிற்பதும் தண்ணீரோடு கீழே இறங்கிப் போவதும் மண்ணின் கையில் இருக்கிறது.

காவிரி டெல்டாவை வைத்தே எழுதுகிறேன். ஜூனில் விதைக்கும் குறுவை, ஆகஸ்டில் விதைக்கும் சம்பா, குறுவை அறுத்த வயலில் நடும் தாளடி என்று பட்டம் (பயிர்ப் பருவம்) மாறுவதும், இருபது முப்பது கிலோமீட்டருக்குள் களிமண் போய் மணல்சாரி வருவதும் அங்கே ஒன்றாகப் பார்க்கக் கிடைக்கும். வேறு ஊர்க்காரர்கள் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், கணக்கு அதேதான்.

பூக்கும் நாளிலிருந்து பின்னால் எண்ணுங்கள்

நெல் வெயில் பயிர்தான், ஆனால் எல்லா வயதிலும் ஒரே மாதிரி வெயிலைத் தாங்காது. முளைப்பதற்கு 25 முதல் 35 டிகிரி நல்லது, 12 டிகிரிக்குக் கீழே போனால் விதை அப்படியே கிடக்கும். தூர் கட்டும் காலத்தில் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் பயிர் நன்றாகக் கிளைக்கும். இந்த இரண்டு கட்டத்திலும் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பயிர் பின்னால் சமாளித்துக்கொள்ளும். பூக்கும் போது மட்டும் அப்படிச் சமாளிக்க வழியே இல்லை.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குக் கதிர் வெளிவந்த வயலில் இறங்கி நின்று பாருங்கள். உமி இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்து வெளிர் மஞ்சள் மகரந்தப் பைகள் நூலில் தொங்கிக்கொண்டு வெளியே வரும். ஒரு பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், அதற்குள் மகரந்தம் உதிர்ந்து சூலைச் சேர வேண்டும், அப்புறம் உமி மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பைகள் சரியாக வெடிக்காது, மகரந்தம் காய்ந்து போகும், அந்த நெல் பதராகிவிடும். கதிரின் நுனியில் தொடங்கி அடிவரை பூத்து முடிய ஐந்தாறு நாள் ஆகும் என்பதால் ஒரு நாள் வெயிலில் முழுக் கதிரும் போய்விடாது, ஆனால் தொடர்ந்து ஒரு வாரம் காய்ந்தால் பாதி பதர்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிவியில் சொல்லும் 37, 38 டிகிரி மதியம் இரண்டு மூன்று மணி வெப்பம், பூ திறப்பதோ காலை ஒன்பதிலிருந்து பதினொன்று, பன்னிரண்டுக்குள். அதனால் ஆகஸ்ட் கடைசியில் பூக்கும் குறுவை பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது, ஏப்ரல் கடைசியில் பூக்கும் பிந்திய நவரைதான் (டிசம்பர், ஜனவரியில் விதைக்கும் பட்டம்) மாட்டிக்கொள்கிறது, அப்போது காலை பத்து மணிக்கே அனல் அடிக்கும். வயலில் தண்ணீர் நின்றால் பயிர் நீராவி விட்டுத் தன்னைத் தானே இரண்டு மூன்று டிகிரி குளிர்த்திக்கொள்ளும், ஆகவே வெயில் காலத்தில் பூக்கும் பயிரை மட்டும் காய விடவே கூடாது.

கணக்கு சுலபம். எந்த ரகமானாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். ரகத்தின் வயதிலிருந்து 30ஐக் கழித்தால் விதைத்ததிலிருந்து எத்தனையாவது நாள் பூக்கும் என்பது வந்துவிடும். கோ 51, ஆடுதுறை 43, ஆடுதுறை 45 போன்ற 105 முதல் 110 நாள் ரகங்கள் 75இலிருந்து 80ஆம் நாளுக்குள் பூக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து, ஜூன் நடுவில் விதைத்தால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் பூ, அக்டோபர் தொடக்கத்தில் அறுவடை. தண்ணீர் தாமதமாகி ஜூலை நடுவுக்குப் போனால் பூ தப்பினாலும் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் சிக்கும், அந்த வருஷம் குறுவையை விட்டுவிட்டு நேராக சம்பாவுக்குத் தயாராவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

சம்பாவில் நடக்கிற தப்பு வேறு மாதிரி. ஆகஸ்ட் 10இல் 120 நாள் ரகத்தை விதைத்தால் நவம்பர் 8 வாக்கில் பூக்கும், அதாவது அடைமழையின் நடுவில். மகரந்தம் கழுவிக்கொண்டு போகும், சூரியனும் இருக்காது. அதே தேதியில் 155 நாள் வயதுள்ள சி.ஆர். 1009 போட்டால் டிசம்பர் நடுவில் பூக்கும், மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பழைய ஆட்கள் ஆடி, ஆவணியில் நீண்ட கால ரகத்தைத் தவிர வேறு எதையும் தொடாததன் காரணம் இதுதான். தாழ்ந்த, தண்ணீர் தேங்குகிற வயலாக இருந்தால் சி.ஆர். 1009 சப் 1 என்று கேட்டு வாங்குங்கள், அது இளம் வயதில் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும்.

நவரையை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் விதைத்துவிட வேண்டும், பிப்ரவரிக்குத் தள்ளினால் மேலே சொன்ன ஏப்ரல் அனல் காத்திருக்கும். மார்கழிக் குளிரில் நாற்று மெதுவாக வரும், அதே ரகம் குறுவையைவிட ஒரு வாரம் பத்து நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். விதையை ஊறவைத்து மூட்டை கட்டும்போது மேலே வைக்கோலைப் போட்டுக் கனமாக மூடிவையுங்கள், முளை ஒரே சீராக வரும்.

இரவு வெப்பத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும். இரவு சூடாக இருந்தால் பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் மூச்சு விட்டே செலவழித்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணைப் பதிவுகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, கோடைப் பயிரில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. இரவைக் குளிர்விக்க நம்மால் முடியாது, ஆனால் கோடை நெல்லுக்கு எரு, யூரியா எல்லாம் கொட்டியும் மூட்டை ஏன் கூடவில்லை என்பதற்கு இது ஒரு பதில். அந்தப் பட்டத்தில் கூடுதல் உரம் கூடுதல் நெல்லாக மாறாது.

மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மண் பரிசோதனை அட்டை கட்டாயம் வேண்டும், அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, எடுத்துவிடுங்கள். அதற்கு முன்பே கையால் தெரிந்துகொள்ளக் கூடியவை இருக்கின்றன. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி நசுக்கி நீட்டுங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அறுந்து விழாமல் நீண்டால் நல்ல களி, இரண்டு மூன்று சென்டிமீட்டரில் முறிந்தால் வண்டல் கலந்த மண், நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல்சாரி.

இதைவிட முக்கியமான சோதனை சேறு கலக்கிய பிறகு. வயலில் ஒரு குச்சியை நட்டு, மாலையில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டுவையுங்கள். பக்கத்திலேயே அடி ஓட்டையில்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதிலும் கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் இரண்டும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, வயலின் இறக்கத்திலிருந்து டப்பாவின் இறக்கத்தைக் கழித்துவிட்டால் மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். மூன்று நான்கு மில்லிமீட்டர் என்றால் கவலையே இல்லை. பத்துக்கு மேல் போனால் வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் மண்ணே ஓட்டை, நீங்கள் போடுகிற யூரியாவும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பழைய டெல்டாவின் களிமண் வயல்களில் சேற்றுழவு ஒருமுறை ஒழுங்காக நடந்தால் அடியில் கெட்டியான ஒரு படலம் விழுந்துவிடும், தண்ணீர் நிற்கும், போட்ட சத்தும் நிற்கும். அங்கே பிரச்சினை எதிர்ப்பக்கம்: காற்று போகாது. கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் வரும் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துப் புது டெல்டாவில் செம்மண்ணும் மணல்சாரியும் அதிகம், அங்கே களிமண்காரர் சொல்லும் உர அளவையும் பாய்ச்சல் முறையையும் அப்படியே எடுத்துக்கொண்டால் நஷ்டம்தான். மணல்சாரியில் யூரியாவையும் பொட்டாஷையும் மூன்று தவணைக்குப் பதில் நான்காகப் பிரியுங்கள், ஏரி வண்டல் கிடைத்தால் கோடையில் அடித்துப் பரப்புங்கள், அந்த வண்டலில் உள்ள களிதான் எருவையும் பிடித்து வைக்கும்.

உவரும் களரும் ஒன்றல்ல, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் இருப்பது உவர், அதாவது உப்பு. மண் அட்டையில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தல் எண்) 3க்கு மேல் போனால் நெல் குறைய ஆரம்பிக்கும். நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். களர் என்பது சோடியம், பி.எச். 8.5க்கு மேல் இருக்கும், வயல் தண்ணீர் எத்தனை நாள் ஆனாலும் தெளியாமல் கலங்கியே நிற்கும். இதற்கு ஜிப்சம் வேண்டும், அட்டையில் சொன்ன அளவைப் போட்டுத் தண்ணீர் தேக்கி நாலு நாள் கழித்து வடிக்க வேண்டும், வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. திருச்சி வேளாண் கல்லூரி களருக்கென்றே டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

நட்ட மூன்றாவது வாரத்தில் அடி இலைகளில் துரு மாதிரிப் புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றால் பெரும்பாலும் துத்தநாகக் குறை. களர் மண்ணிலும், தண்ணீர் ஓயாமல் நிற்கும் வயலிலும் இது அதிகம் வரும். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள், மணிச்சத்து உரமான டிஏபியோடு மட்டும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கட்டிப் போட்டுவிடும்.

இனி எரு

நன்றாக மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம் அளவுதான். பரிந்துரை ஏக்கருக்கு 5 டன், அதில் 25 கிலோ தழைச்சத்து இருக்கும், முதல் பயிருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைத்தால் பெரிது. மீதி அடுத்தடுத்த பயிருக்கு வரும். ஆகவே எருவை உரமாக மட்டும் பார்த்தால் வண்டி வாடகைக்கே கட்டுப்படியாகாது. மணலில் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைப்பது, களியில் மண்ணைப் பொலபொலப்பாக்குவது, களரில் ஜிப்சத்துக்குத் துணை நிற்பது என்று அது செய்யும் வேலைதான் முக்கியம், அதனால்தான் மண்ணை முதலில் பாருங்கள் என்றேன்.

மக்காத எரு நெல்லுக்கு நேரடிக் கெடுதல். வேறு எந்தப் பயிரையும்விட நெல்லுக்குத்தான் இது அதிகம், ஏனென்றால் தண்ணீர் நிற்கும் மண்ணில் காற்று இல்லை. பச்சைச் சாணமோ வைக்கோலோ அங்கே அழுகும்போது மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்து, புளிப்பு அமிலங்களும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகும். வயலில் இறங்கி நடந்தால் காலடியில் குமிழி குமிழியாக வந்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அப்போது ஒரு தூரைப் பிடுங்கித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நல்ல வேர் செம்பழுப்பாக, நுனியில் வெள்ளையாக இருக்கும், அந்தச் செம்பழுப்பு வேரைச் சுற்றிப் படிந்த இரும்புத் துரு, அது இருந்தால் வேர் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். வேர் கறுத்துப் போய் இழுத்தால் அறுந்தால், யூரியா தூவாதீர்கள், அந்த வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு விழும்வரை காய விட்டு, புது வெள்ளை வேர் வந்த பிறகு பாய்ச்சுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்வது என்று பெரியவர்கள் சொல்வதில் தண்ணீர் மிச்சத்தோடு இந்த நன்மையும் இருக்கிறது.

எரு மக்கிவிட்டதா என்று பார்க்கக் கடப்பாரை போதும். குவியலின் நடுவில் சொருகிப் பத்து நிமிஷம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு இருந்தால் இன்னும் வேலை நடக்கிறது, கிளறி ஈரம் கொடுத்து விட்டுவையுங்கள். ஒரு கட்டத்தில் அந்தச் சூடு வந்தே ஆக வேண்டும், 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால்தான் களை விதைகள் சாகும். வெந்து ஆறிய எரு மண் வாசனை அடிக்கும், சாணமா வைக்கோலா என்று அடையாளம் தெரியாது. சந்தேகமாக இருந்தால் ஈரமான ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து முகருங்கள், நாறினால் வயலுக்கு ஆகாது.

கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடு மேய்த்து வரும் கீதாரிகளிடம் ஆட்டுக்கிடை போடுவது (இரவில் மந்தையை வயலில் அடைப்பது) அருமையான வழி, எருவும் மூத்திரமும் நேராக மண்ணில் சேரும், வண்டிக் கூலி இல்லை. ஆடுகள் சீமைக் கருவேலங்காய் தின்று வந்திருந்தால் அந்த விதையும் சேர்ந்து வரும், முளைத்ததைச் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள். கிடை முடிந்ததும் உழுதுவிடுங்கள், வெயிலில் அப்படியே கிடந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

தொழு உரம் கிடைக்காத இடத்தில், ஏன் கிடைக்கிற இடத்திலும்கூட, என் முதல் தேர்வு தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடிதான். கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 40 அல்லது 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 25 முதல் 35 கிலோ தழைச்சத்து வரை கிடைக்கும், களர் மண்ணிலும் வளரும். பூத்து முற்றிவிட்டால் தண்டு நாராகிவிடும், மக்க நாளாகும். மடக்கிய பின் நடவுக்கு ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி கட்டாயம். ஜூன் வெயிலில் ஒரு வாரமே போதும், மழைக்காலத்தில் குளிர்ந்த மண்ணில் பத்து நாளும் அதற்கு மேலும் வேண்டும்.

இந்த இடைவெளிதான் தாளடியில் கிடைக்காது. குறுவை அறுத்து மூன்று வாரத்தில் நட வேண்டும், மிஷின் விட்ட தாள் (வைக்கோலும் அடிக்கட்டையும்) வயல் முழுக்கக் கிடக்கும். நுண்ணுயிர்கள் வைக்கோலை மக்க வைக்க மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், நட்ட நாற்று மஞ்சளாக நிற்கும். முதல் சேற்றுழவில் தாளை மடக்கும்போதே ஏக்கருக்கு 9 கிலோ யூரியா போட்டுவிட்டால் அந்த இழுபறி குறையும். தாளடிக்குப் புதிதாக எரு அடிக்காதீர்கள், ஏற்கெனவே கிடக்கும் தாள் போதும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் வயல் மண்ணை மூன்று வாளியில் ஒரே அளவு போட்டு, ஒன்றில் எதுவும் கலக்காமல், ஒன்றில் மக்கிய எரு இரண்டு கைப்பிடி, மூன்றாவதில் பச்சைச் சாணமும் நறுக்கிய வைக்கோலும் அதே அளவு கலந்து, சேறாக்கித் தண்ணீர் நிறுத்தி, ஒரே வயது நாற்றை நடுங்கள். மூன்று வாரம் கழித்து மேலே பார்க்காமல் வேரை அலசிப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செய்முறைக்கும் இது நல்லது, இப்படி மூன்று வாளியை நிழலிலும் இன்னொரு மூன்றை வெயிலிலும் வைத்தால் வெப்பம் செய்கிற வேலையும் சேர்ந்து தெரியும்.

எரு போட்ட வயலில் யூரியாவைப் பழக்கத்துக்குப் போடாமல் இலை வண்ண அட்டையை (எண் போட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்ட அட்டை) வைத்து முடிவு செய்யுங்கள். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை வேளையில், உங்கள் நிழலில் வைத்து, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4, அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம். கார்த்திகை, மார்கழியில் வானம் மூடி, இரவில் 20 டிகிரியும் காலையில் பனியுமாக இருக்கும்போது அட்டை கேட்டால்கூடப் பாதிதான் போடுவேன், அந்த நேரத்தில் தளதளவென்று வளரும் பயிரைத்தான் குலை நோய் என்ற பூஞ்சை நோய் முதலில் தேடி வரும். வெயில் காலத்தில் நின்ற தண்ணீரில் உச்சி நேரத்தில் தூவவே தூவாதீர்கள், களர் வயலாக இருந்தால் பாதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மாலையில் தண்ணீரை வடித்துவிட்டுத் தூவி, மறுநாள் காலை பாய்ச்சுங்கள்.